1905இல் அந்த அலை வர்ணத்தில் உறைந்திருக்க முடியாது

ஆசிரியருக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் நடுப்பக்கத்தில் திருகோணமலைச் சுவாமி மலையின் பழைய படம் ஒன்று வெளிவந்திருந்தது. '1905இல் எடுக்கப்பட்ட அரிய வர்ணப் புகைப்படம்' என்று அடிக்குறிப்பு. மலையடியில் ஒரு வள்ளம், வள்ளத்தில் சிவப்புச் சால்வை போட்ட ஒருவர், பாறையில் மோதித் தெறிக்கும் அலை, மேலே ஒரே நீலமாக வானம். படம் அழகானது. அதன் கறுப்பு வெள்ளை மூலம் உண்மையிலேயே பழையதாக இருக்கலாம். ஆனால் நிறம் அந்தக் காலத்தது அல்ல. இதைப் படத்துக்குள் இருக்கும் அலையே காட்டிக் கொடுக்கிறது.

நுரை துளித் துளியாகத் தெரிகிறது. தெறித்த துளி அந்தரத்தில் நிற்கிற மாதிரிப் படம் விழ வேண்டுமானால் ஷட்டர் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்குக்குக் கிட்டவாவது வேகமாக மூடியிருக்க வேண்டும். 1905இன் கறுப்பு வெள்ளைத் தட்டுக்கு, அதாவது பிலிம் போலப் பயன்பட்ட, வெள்ளி உப்புப் பூசிய கண்ணாடிக்கு, நல்ல வெயிலில் அது முடியும். அன்றைய வர்ண முறைகளுக்கு முடியாது. அப்போது வழக்கில் இருந்தது, ஒரே காட்சியை மூன்று நிற வடிகட்டி வழியாக மூன்று தடவை எடுப்பது. அப்படி எடுத்தால் மூன்றிலும் மூன்று வேறு அலைகள் விழும். சேர்த்துப் பார்க்கும்போது நுரை ஓரமெல்லாம் சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சிதறி நிற்கும். மூன்று தட்டிலும் ஒரே நேரத்தில் படம் விழுத்தும் கமராக்களும் இருந்தன. ஆனால் வந்த ஒளியை மூன்றாகப் பங்கிட்டு, வடிகட்டியிலும் பெரும்பகுதியை இழந்த பிறகு அலையை நிறுத்தும் வேகம் அவற்றுக்கு மிஞ்சவில்லை. 1907இல் கடைக்கு வந்த ஓட்டோகுரோம் என்ற வர்ணத் தட்டில் எடுத்திருந்தாலோ, உச்சி வெயிலிலும் ஒரு விநாடியளவு திறந்து வைத்திருக்க வேண்டும். அலை பஞ்சுப் புகையாகத்தான் விழுந்திருக்கும். ஆகவே அது பின்னாளில் கணினியில் நிறமூட்டிய படம்.

சால்வை சிவப்பு என்று கணினிக்கு எப்படித் தெரிந்தது? தெரியவில்லை, ஊகித்தது. படத் தட்டில் பூசும் வெள்ளி உப்பு இயல்பாகவே நீலம், ஊதா, புற ஊதா ஒளிக்கு மட்டுமே கருகும். பச்சை அதைத் தொடாது, சிவப்பு அறவே தொடாது. இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடிந்தது அதனால்தான். 1873இல் பெர்லினில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், வெள்ளி உப்போடு சில சாயங்களைச் சேர்த்தால் அந்தச் சாயம் உறிஞ்சும் நிறத்துக்கும் தட்டு கருகும் என்று கண்டுபிடித்தார். அதன் பிறகு பச்சையும் மஞ்சளும் பதியும் ஓர்த்தோ தட்டுகள் வந்தன. சிவப்பும் பதியும் பான்குரோமற்றிக் தட்டு இங்கிலாந்தில் கடைச் சரக்காக வந்தது 1906இல். அதற்கு முந்திய சாதாரணத் தட்டில் குங்குமப் பொட்டும் கறுப்புச் சாந்துப் பொட்டும் ஒன்றுபோலவே விழும். சிவப்புச் சேலையும் கறுப்புச் சேலையும் அப்படித்தான். நீல வானமும் வெண்மேகமும் கலந்து ஒரே வெள்ளையாகிவிடும். பழைய படங்களில் வானம் வெறுந்தாளாக இருப்பதற்குக் காரணம் இதுவே. அன்று மேகம் இல்லாமல் இல்லை. தட்டில் பதியாத நிறத்தை எந்த மென்பொருளாலும் மீட்டெடுக்க முடியாது. அது பூசுகிறது, அவ்வளவுதான்.

உண்மையான வர்ணப் படத்தின் வழி வேறு. மனிதக் கண் எல்லா நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அளவாகவே அறிகிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, காட்சியை மூன்று நிற வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே படம் எடுத்து, மூன்றையும் அதே நிற ஒளியில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுத்தலாம் என்று 1855இல் எழுதியவர் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல். 1861 மே 17 அன்று இலண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் ஸ்கொட்லாந்துக் கட்டம் போட்ட ரிப்பன் முடிச்சொன்றை அவர் அப்படிக் காட்டினார். படங்களை எடுத்துக் கொடுத்தவர் தோமஸ் சட்டன். வடிகட்டி என்று அவர் வைத்தது கண்ணாடித் தொட்டியில் ஊற்றிய நிறக் கரைசல்: நீலத்துக்கு அமோனியா கலந்த செப்புச் சல்பேற்று, பச்சைக்குச் செப்புக் குளோரைட்டு, சிவப்புக்கு இரும்புத் தயோசயனேற்று. நீலத்துக்கு 6 விநாடி போதுமாக இருந்தது; பச்சைக்கு 12 நிமிடம், சிவப்புக்கு 8 நிமிடம் பிடித்தது.

தட்டு சிவப்புக்குக் குருடு என்றால் சட்டனின் சிவப்புப் படம் எப்படி விழுந்தது? நூறு வருடம் இந்தக் கேள்வி கிடந்தது. 1961இல் கொடாக் ஆய்வாளர் ரால்ஃப் எவன்ஸ் அதே பரிசோதனையைத் திரும்பச் செய்து பார்த்தார். அந்தச் சிவப்புக் கரைசல் புற ஊதாவையும் உள்ளே விட்டிருக்கிறது. ரிப்பனின் சிவப்புச் சாயமும் புற ஊதாவைத் திருப்பியனுப்பியிருக்கிறது. சிவப்பு என்று பதிந்தது உண்மையில் கண்ணுக்குத் தெரியாத ஒளி. கொள்கை சரி, சான்று தற்செயல். இந்தத் துறையில் இதைவிட நல்ல பாடம் இல்லை என்பது எங்கள் எண்ணம். வடிகட்டி கண்ணுக்கு என்ன நிறமாகத் தெரிகிறது என்பது முக்கியமல்ல, எந்த ஒளியை விடுகிறது என்பதே முக்கியம். கீழே செய்முறை சொல்லும்போது இது மறுபடி வரும்.

மூன்று தட்டு முறையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ரஷ்யாவின் புரோகுடின் கோர்ஸ்கி. 1909 முதல் 1915 வரை, சார் மன்னரின் ஆதரவோடு, இருட்டறை வைத்த ரயில் பெட்டியில் நாடு சுற்றினார். நீளமான ஒரே கண்ணாடித் தட்டில் மேலிருந்து கீழாக நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று படங்கள். தட்டு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு படி கீழே இறங்கும். அவருடைய 1,902 நெகட்டிவ்களை அமெரிக்கக் கொங்கிரஸ் நூலகம் 1948இல் வாங்கியது. இன்று எவரும் இணையத்தில் பார்க்கலாம். ஆற்றங்கரைப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோயில் சுவரும் மரக்கட்டையும் கூர்மையாக இருக்கும். நீர்ச் சுழியில் மட்டும் சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகள் பிரிந்து கிடக்கும். அசைந்த எதையும் அந்த முறை மறைக்காது. அந்தக் கீற்றுகள்தான் அதன் கையொப்பம்.

கப்ரியேல் லிப்மன் 1891இல் காட்டிய முறை ஒரு தனி அதிசயம். தட்டின் பின்னால் பாதரசத்தை ஊற்றி, ஒளியலை தன்னுடன் தானே மோதி நிற்கும் படிவத்தைப் பூச்சுக்குள் பதிவது. சாயமே கிடையாது. 1908இல் நோபல் பரிசு கிடைத்தது. நிமிடக்கணக்கில் வெளிச்சம் வேண்டும், பிரதி எடுக்க முடியாது என்பதால் கடைத்தெருவுக்கு அது வரவில்லை.

கடைத்தெருவுக்கு வந்தது லூமியேர் சகோதரர்களின் ஓட்டோகுரோம். 1903இல் காப்புரிமை, 1907இல் விற்பனை. மூலப்பொருள் உருளைக்கிழங்கு மா. மாவைச் சலித்து 10 முதல் 15 மைக்ரோன் பருமன் உள்ள மணிகளை மட்டும் எடுப்பார்கள். ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதை மூன்று பாகமாக்கி ஒன்றுக்குச் செம்மஞ்சள், ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்கு ஊதா நீலம் என்று சாயமேற்றி, சேர்த்துப் பார்க்கும்போது சாம்பல் நிறமாகத் தெரியும் அளவுக்குக் கலப்பார்கள். பசை பூசிய கண்ணாடியில் இந்த மாவைத் தூவி ஒரே ஒரு மணி உயரத்துக்கு ஒட்டவைத்து, மணிகளுக்கு இடையிலுள்ள சந்துகளை நுண்ணிய கரித்தூளால் அடைத்து, உருளையால் அழுத்தி மணிகளைத் தட்டையாக்குவார்கள். ஒரு சதுர அங்குலத்தில் ஏறத்தாழ 40 இலட்சம் மணிகள். அதன்மேல் தண்ணீர் புகாத வார்னிஷ், அதன்மேல் பான்குரோமற்றிக் வெள்ளிப் பூச்சு.

தட்டைக் கமராவில் திருப்பிப் போடுவார்கள். கண்ணாடிப் பக்கம் லென்ஸைப் பார்க்கும், ஒளி முதலில் மாமணி வழியாகச் சென்று பிறகு வெள்ளியைச் சேரும். பூச்சு நீலத்துக்கு அளவுக்கு மிஞ்சிக் கருகுவதால் லென்ஸில் மஞ்சள் வடிகட்டி ஒன்றும் கட்டாயம். அதை மறந்த தட்டு முழுவதும் நீலம் பாரித்து வரும். சிவந்த பொருளின் ஒளி செம்மஞ்சள் மணியைக் கடந்து அதன் பின்னாலுள்ள வெள்ளியைத் தொடும். பச்சை மணியும் நீல மணியும் அதைத் தடுக்கும். முதல் டெவலப்பரில், அதாவது பதிந்த படத்தை வெளிக்கொணரும் கரைசலில், செம்மஞ்சள் மணிக்குப் பின்னால் உள்ள வெள்ளி கருகும். அப்படியே விட்டால் நிறம் தலைகீழாகத் தெரியும். ஆகவே கருகிய வெள்ளியைக் கரைத்துவிட வேண்டும்: ஒரு லீற்றர் தண்ணீரில் 2 கிராம் பொற்றாசியம் பரமங்கனேற்று, 10 மில்லிலீற்றர் சல்பூரிக் அமிலம். அமிலத்தைத் தண்ணீருக்குள் மெல்ல ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்துக்குள் ஊற்றக் கூடாது. பிறகு தட்டை வெளிச்சத்தில் காட்டி, மிஞ்சிய வெள்ளி உப்பை இரண்டாம் தடவை டெவலப் செய்தால் பச்சைக்கும் நீலத்துக்கும் பின்னால் கதவு அடைபடும், செம்மஞ்சளுக்குப் பின்னால் திறந்திருக்கும். தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் சிவப்பு.

முதல் டெவலப்பர் 15 பாகை செல்சியஸை அண்டி இருக்க வேண்டும் என்பது ஐரோப்பியக் குளிருக்குச் சரி. எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரில் அதைச் செய்தால் ஜெலற்றின் பூச்சு ஊதி, ஓரம் சுருண்டு, கண்ணாடியை விட்டுக் கழன்றுவிடும். வெப்ப நாடுகளில் தட்டைப் படிகாரக் கரைசலில் போட்டு இறுக்கினார்கள், தட்டத்தைச் சுற்றி ஐஸ் வைத்தார்கள், இரவில் வேலை செய்தார்கள். இன்னொரு கேடு நுட்பமானது. வெள்ளிப் பூச்சில் ஊசிமுனைக் கீறல் விழுந்து வார்னிஷ் வரைக்கும் போய்விட்டால், கழுவும் தண்ணீர் மாமணியை எட்டும். எல்லாவற்றிலும் பச்சைச் சாயமே தண்ணீரில் எளிதாகக் கரைவது. அந்த இடத்தில் பச்சைப் புள்ளி படரும். பழைய ஓட்டோகுரோம்களில் காணும் பச்சைப் பூக்கள் இவையே. உலர்ந்த தட்டுக்கு மேலே வார்னிஷ் பூசும்போது மதுசாரத்தில் கரைத்த வார்னிஷைத் தொடக்கூடாது. அது உள்வார்னிஷையும் கரைத்து முழுத் தட்டையும் கெடுத்துவிடும்.

இத்தனை இடரோடும் ஓட்டோகுரோம் கால் நூற்றாண்டுக்கு மேல் நின்றது. பிரெஞ்சு வங்கியாளர் அல்பேர் கான் 1909 முதல் 1931 வரை உலகம் முழுதும் ஆள் அனுப்பி எடுப்பித்த தட்டுகள் மட்டும் 72,000. 1930களில் ஒரே பிலிமில் மூன்று படலம் பூசும் முறை வந்தது: 1935இல் கொடாகுரோம், 1936இல் அக்ஃபாகலர். அதோடு மாமணியின் காலம் முடிந்தது. ஆனால் யோசனை சாகவில்லை. இன்று நம் கையிலுள்ள தொலைபேசிக் கமராவின் சில்லில் ஒவ்வொரு புள்ளிக்கு மேலும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டி ஒன்று ஒட்டியிருக்கிறது. கொடாக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அடுக்கு அது. அவர் நான்கில் இரண்டைப் பச்சைக்குக் கொடுத்தார், சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. வெளிச்சம் குறைவா கூடுதலா என்பதைக் கண் பெரும்பாலும் பச்சையில்தான் கூர்மையாக உணர்கிறது என்பது காரணம். தூவிய மாவுக்குப் பதில் ஒழுங்கான கட்டம். வித்தியாசம் அவ்வளவே.

வாசகர் வீட்டுப் பெட்டியில் பழைய நிறப் படம் இருந்தால் அது எந்த வகை என்று பார்க்க நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். கண்ணாடித் தட்டாக இருந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் நிறம் தெரிந்து, லென்ஸில் ஒழுங்கில்லாத செம்மஞ்சள், பச்சை, ஊதாப் பொட்டுகள் தெரிந்தால் ஓட்டோகுரோம். பொட்டுகளுக்குப் பதில் நேர்கோடுகளோ கட்டங்களோ தெரிந்தால் ஜோலி, பஜட், டூஃபே போன்ற வேறு முறைகள். தாளில் அச்சான தபாலட்டையாக இருந்து, ஒழுங்கான வரிசையில் நிறப் புள்ளிகள் தெரிந்தால் அச்சகத்தில் நிறம் சேர்த்தது. அதன் மூலம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை.

ஸ்டூடியோவில் கையால் நிறம் தீட்டிய படத்தில் நிழல் எல்லாம் சாம்பலாகவே இருக்கும், ஏனென்றால் நிழலின் கருமை வெள்ளியினுடையது. மரமெல்லாம் ஒரே பச்சை. உதட்டு நிறம் கோட்டைத் தாண்டிக் கன்னத்தில் வழிந்திருக்கலாம். தாளைச் சரித்துப் பிடித்தால் பூசிய இடம் வேறு மினுக்கமாகத் தெரியும். இதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. மினுக்கமில்லாத தாளில் எண்ணெய் வர்ணத்தை ஈர்க்கில் சுற்றிய பஞ்சால் தொட்டு, வட்டமாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்தெடுத்து, முகத்துக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்ட கைகள் அவை. சேலை என்ன நிறம் என்று வீட்டாரைக் கேட்டு எழுதிவைத்துத் தீட்டினார்கள். கணினி யாரையும் கேட்பதில்லை.

எழுபதுகளின் கல்யாண அல்பங்கள் சிவந்து போயிருப்பதைப் பலரும் வெயில் பட்டதால் என்று நினைக்கிறார்கள். பெட்டிக்குள் இருட்டில் இருந்த படமும் சிவக்கும். அந்தக் காலத் தாள்களின் மூன்று சாயங்களில் பச்சை கலந்த நீலம் இருட்டிலும் சூட்டிலும் முதலில் மங்குவது. அது போனால் மிஞ்சுவது சிவப்பு. அதே வயதுடைய கொடாகுரோம் ஸ்லைட் இருட்டில் நிறம் மாறாமல் கிடக்கும். நெகட்டிவ் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

இனிச் செய்முறை. பாடசாலைப் புகைப்படக் கழகம் எதுவும் மக்ஸ்வெல்லின் வேலையை ஒரு காலைப்பொழுதில் செய்து பார்க்கலாம். கையால் இயக்கக்கூடிய பழைய 35 மில்லிமீற்றர் கமரா, அசையாத ட்ரைபொட், 100 அல்லது 125 ஐஎஸ்ஓ வேகமுள்ள பான்குரோமற்றிக் கறுப்பு வெள்ளை பிலிம், மூன்று வடிகட்டி. பிலிம் பெட்டியில் ஓர்த்தோ என்றிருந்தால் வேண்டாம், சிவப்புப் படம் வெறுமையாக வரும். வடிகட்டியில் தரமானவை ரட்டன் என்ற வகையில் எண் 25 சிவப்பு, 58 பச்சை, 47பி நீலம். விலை கட்டாது என்றால் நாடக மேடை விளக்குக்குப் போடும் நிறத்தாளை வெட்டலாம். இனிப்புச் சுற்றும் கண்ணாடித்தாள் உதவாது, அது எல்லா ஒளியையும் கொஞ்சம் கொஞ்சம் விடும். சோதிக்க ஒரு வழி: இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னலைப் பாருங்கள். சிவப்பும் பச்சையும், பச்சையும் நீலமும், சிவப்பும் நீலமும், எந்தச் சோடியும் ஏறக்குறைய இருண்டு போக வேண்டும். நன்றாக வெளிச்சம் வந்தால் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து படம் சேறாகும்.

நீளமான கட்டி அட்டையில் மூன்று சாளரம் வெட்டி, வரிசையாக வடிகட்டிகளை ஒட்டி, லென்ஸுக்கு முன்னால் தனிக் கம்பத்தில் நிறுத்தி, பக்கவாட்டில் தள்ளக்கூடியதாகச் செய்யுங்கள். வடிகட்டியை லென்ஸில் திருகிக் கழற்றினால் ஒவ்வொரு தடவையும் கமரா இம்மி நகரும்; அந்த இம்மிதான் பிறகு எல்லா ஓரத்திலும் நிறக் கோடாக வரும். பாறை, சுவர், மதில் நல்ல பொருள். சுவாமி மலையைத் தூரத்தில் கரையிலிருந்து எடுக்கலாம். மலைக்குப் போகும் வழியிலுள்ள கோட்டைக்குள் இராணுவம் இருப்பதால் அங்கே கமராவும் ட்ரைபொட்டும் வைக்கமுன் கேட்டுவிடுங்கள். கோட்டை மான்களை எடுக்கப் போக வேண்டாம், ஒரு மானுக்கு மூன்று நிற மான்கள் கிடைக்கும். ஆனி ஆடியில் கச்சான் காற்று எழும்பமுன், காலை ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும். காற்றில் ட்ரைபொட் நடுங்கும், இலை ஆடும். நடுக்காலில் மணல் பை ஒன்று கட்டித் தொங்கவிடுங்கள்.

சட்டத்தின் ஓரத்தில் வெள்ளை, சாம்பல், கறுப்புத் தாள் துண்டுகள் பக்கத்தில் பக்கமாக ஒட்டிய அட்டை ஒன்று படத்தில் விழ வேண்டும். அட்டை இல்லாமல் நிறத்தைச் சமப்படுத்த முடியாது. பச்சை வடிகட்டி வழியாகக் குவியம் பார்த்து அப்படியே விடுங்கள். அப்பச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப்8; மூன்றுக்கும் மாறவே கூடாது. மாற்றினால் படத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம் மாறி மூன்றும் பொருந்தாது. மாற்ற வேண்டியது ஷட்டர் வேகம். வடிகட்டி ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று படி ஒளியைத் தின்னும்; ஒரு படி என்பது ஒளி பாதியாவது. நல்ல வெயிலில் சிவப்புக்கும் பச்சைக்கும் 60இல் ஒரு விநாடி, நீலத்துக்கு 30இல் ஒரு விநாடி என்று தொடங்கி, பாதுகாப்புக்கு ஒரு படி கூட்டியும் ஒரு படி குறைத்தும் இன்னும் இரண்டு தொகுதி எடுங்கள். மூன்றையும் கால் நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். இடையில் மேகம் குறுக்கிட்டால் அந்தத் தொகுதியை விட்டுவிடுங்கள், பிறகு திருத்த முடியாது.

மூன்று படங்களும் ஒரே பிலிமில் இருப்பதால் ஒரே தொட்டியில் கழுவப்படும், அது பெரிய வசதி. டெவலப்பர் 20 பாகை. மீன்வாடியில் வாங்கும் ஐஸ் துண்டுகளை வாளித் தண்ணீரில் போட்டு, அதற்குள் போத்தலை நிறுத்திக் குளிரவையுங்கள். டெவலப்பருக்குள் ஐஸ் போட்டால் கரைசல் நீர்த்துவிடும். படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போவும் கழுவும் தண்ணீரும் டெவலப்பரோடு இரண்டு மூன்று பாகைக்குள் இருக்க வேண்டும். 20இல் டெவலப் செய்து 30இல் கழுவினால் ஜெலற்றின் வலைபோல் வெடிக்கும். உலர்ந்த பின் மூன்று நெகட்டிவிலும் சாம்பல் துண்டு ஒரே கருமையா என்று பாருங்கள். எது வெளிறியிருக்கிறதோ அதற்கு அடுத்த முறை வெளிச்சம் கூட்ட வேண்டும். சாம்பல் பொருந்தியும் நீலத்தின் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் குறைவாக இருந்தால் பயப்பட வேண்டாம். பல பிலிம்களுக்கு நீல ஒளியில் மாறுபாடு இயல்பாகவே குறைவு. பழைய ஆட்கள் அந்தத் தட்டைக் கூடுதல் நேரம் டெவலப் செய்து சரிக்கட்டினார்கள். நாம் கணினியில் சரிக்கட்டலாம்.

ஸ்கான் செய்யும்போது தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் மூன்றையும் நேர்மறையாக்கி, சிவப்பு வடிகட்டியில் எடுத்ததைச் சிவப்பு அலைவரிசையிலும், பச்சையைப் பச்சையிலும், நீலத்தை நீலத்திலும் போட்டுச் சேர்க்கலாம். வானம் செம்மஞ்சளாகவும் கூரை ஓடு நீலமாகவும் வந்தால் சிவப்பும் நீலமும் இடம் மாறிவிட்டன. எல்லாம் ஊதா கலந்து இளஞ்சிவப்பாக இருந்தால் பச்சைப் படத்துக்கு வெளிச்சம் போதவில்லை. சாம்பல் துண்டை உண்மையான சாம்பலாக்கினால் மற்ற நிறங்கள் தாமாக வந்து சேரும்.

கணினியில்லாமல் தாளில் செய்ய விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒளியைக் கூட்டும்போது சிவப்புக்குச் சிவப்பு. தாளில் மையை அடுக்கும்போது அப்படி இல்லை. சிவப்பு நெகட்டிவை அதன் எதிர் நிறமான பச்சைநீலத்திலும், பச்சையை மஜெந்தாவிலும், நீலத்தை மஞ்சளிலும் அச்சடிக்க வேண்டும். 1860களின் முடிவில் லூயி டூகோ டு ஹோரனும் ஷார்ல் குரோவும் ஒருவரையொருவர் அறியாமலே இந்த வழிக்கு வந்து சேர்ந்தார்கள்.

பழைய தட்டு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு: தண்ணீரால் துடைக்க வேண்டாம், பூச்சுப் பக்கத்தைத் தொட வேண்டாம், புரொஜெக்டரில் போடவே வேண்டாம், விளக்குச் சூடு வார்னிஷை வெடிக்க வைக்கும். மென்மையான வெள்ளைத்தாளில் தனித்தனியே சுற்றி, தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, காற்றுப் புகாத தகர டின்னில் உலர்ந்த சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மாரியில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் ஜெலற்றினில் பூஞ்சணம் பிடிக்க இரண்டு கிழமை போதும். ஜெல்லின் நிறம் மாறியதும் எடுத்து வறுத்து உலர்த்திப் போடுங்கள். வெள்ளை வெளிச்சப் பலகையில் வைத்து நல்ல கமராவால் ஒருமுறை படம் பிடித்துவிட்டால், தட்டை அதன்பின் திறக்க வேண்டியதே இல்லை.

ஆசிரியரிடம் எங்கள் கோரிக்கை சிறியது. நிறமூட்டிய படங்களைப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. போடும்போது பக்கத்தில் கறுப்பு வெள்ளை மூலத்தையும் சிறிதாகப் போட்டு, 'கணினியில் பின்னாளில் நிறமூட்டப்பட்டது' என்று அடியில் குறிப்பிடுங்கள். சுவாமி மலை உச்சியிலுள்ள இன்றைய கோணேசர் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1963இல். அந்தக் கோயில் தெரியும் படத்தை நூறாண்டுப் பழையது என்று யாராவது அனுப்பினால் அதையும் திருப்பிவிடுங்கள். ஞாயிறு வெளிவந்த சுவாமி மலைப் படத்தின் மூலம் யாரிடமாவது இருக்குமானால், அந்த வள்ளக்காரரின் சால்வையைச் சிவப்பென்று எழுதாமல் அதை அப்படியே இன்னொரு முறை அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
புகைப்படத் தொழில் செய்வோர் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.